பாணியும் கையெழுத்தும்

ஒருவர் கண்டெடுத்த பாணியைப் பிறர் கையாண்டு வயிறு வளர்ப்பது களவாகுமா? ஏட்டளவில் எண்ணிப் பார்த்தால் விடை எளிதெனத் தோன்றும். கிழக்கு ஆப்பிரிக்க ஓவியர் எட்வர்ட் சைதி டிங்காடிங்காவின் வரலாற்றோடு சேர்த்து எண்ணும்போதோ நாம் தயங்கி நிற்கிறோம்.

1932-இல் இன்றைய தான்சானியாவின் தெற்கே, துண்டூரு வட்டாரத்தின் எளிய குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். தாங்கா பகுதியின் கற்றாழைநார்த் தோட்டங்களில் கூலியாக உழைத்தார். பின்னர் தாருஸ்ஸலாம் நகரை அடைந்து கிடைத்த வேலைகளைச் செய்தார். ஓவியப் பள்ளியின் வாயிலை அவர் மிதித்ததில்லை. 1968-ஐ ஒட்டியே தூரிகையைக் கையிலெடுத்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு.

அவருக்குக் கிடைத்தவை கட்டட வேலைக்கான ஹார்டுபோர்டுப் பலகையும், மிதிவண்டிக்குப் பூசும் எனாமல் வண்ணமுமே. அந்தச் சதுரப் பலகை முழுவதும் ஒரே வண்ணம். நடுவே பலகையை நிறைத்துக்கொண்டு ஒரு சிறுத்தை, யானை, அல்லது பறவை. நிழலில்லை, தொலைவில்லை. சிறுத்தையின் புள்ளிகள் மட்டும் எண்ணி வைத்தாற்போல் பொறுமையோடு இடப்பட்டிருக்கும். குறைந்த பொருளே பாணியை வகுத்தது போலும்! 'தானே கற்றவர்' என்று அவரைப் பாராட்டுவோர் குரலில் சற்றே இரக்கமும் கலந்திருக்கக் காண்கிறோம், அது வேண்டாதது. ஆய்ஸ்டர் பே பகுதியின் மொரொகோரோ ஸ்டோர்ஸ் என்னும் கடையருகே அவ்வோவியங்களை விலை கொடுத்து வாங்கியவர்கள் இரக்கத்திற்காக வாங்கவில்லை.

விற்பனை பெருகவே, உறவினரையும் ஊராரையும் அருகே அமர்த்தித் தொழிலைக் கற்பித்தார். நம் கேள்வி இங்கேதான் கூர்மையடைகிறது. 1972-இல், குற்றவாளியெனத் தவறாகக் கருதிய காவலரின் குண்டுக்கு அவர் பலியானார். தூரிகை பிடித்த காலம் ஏறத்தாழ நான்கே ஆண்டுகள். கற்றவர்கள் தொடர்ந்து வரைந்தார்கள். அவர்களிடம் மற்றவர்கள் கற்றார்கள். 1990-இல் கூட்டுறவுச் சங்கமும் அமைந்தது. 'டிங்காடிங்கா' என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதிலிருந்து ஓர் ஓவிய வகையின் பெயராயிற்று.

இதனைக் களவென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. உஸ்தாது தம் கையாலேயே கொடுத்ததை மாணவர் பெற்றனர். பூட்டி வைக்க அவர் எண்ணியிருந்தால் அருகே அமர்த்தியிருக்கவே மாட்டார். கொடுக்கப்பட்ட வித்தை ஓர் அமானிதம். அதைப் பிறருக்குக் கொடுப்பதும் அதைப் பேணும் வழிகளில் ஒன்றே.

ஆயினும் அவருடைய பெயரையே பலகையின் மூலையில் பொறித்து, அவர் வரைந்ததென்று விற்ற போலிகளும் உண்டு. இதற்கு நாம் எவ்வகையிலும் சமாதானம் சொல்லமாட்டோம். அவர் கற்பித்தது சிறுத்தையின் புள்ளிகளை இடும் விதத்தை. தம் கையெழுத்தை அன்று. வாங்குபவரை ஏமாற்றுவது ஒருபுறமிருக்க, மறுத்துப் பேச வாயில்லாத ஒருவர்மீது அவர் செய்யாததைச் சுமத்துவதும் அதில் அடங்கியிருக்கிறது. செய்யாத குற்றத்திற்காகச் சுடப்பட்டவர் அவர் என்பதை நினைக்கும்போது இது இன்னும் உறுத்துகிறது.

பயணிகளுக்காக ஒரே யானையை ஓராயிரம் முறை வரைவோரைப் பற்றிக் குறை கூறுவோரும் உளர். குறை உண்மையே. ஆனால் அந்த யானையால் ஒரு வீட்டில் அடுப்பெரிகிறது. வரைந்தவர் தம் சொந்தப் பெயரையே அதன் கீழ் எழுதியிருப்பாரானால், அவரிடம் நாம் கேட்பதற்கு வேறொன்றுமில்லை.