எதிராளியின் ஏட்டையும் படித்தவர்

ஓரிக்கை என்றதும் காஞ்சிபுரத்துக்காரர்களுக்குத் திருமழிசையாழ்வார் நினைவுக்கு வந்துவிடுவார். சீடன் கணிகண்ணனைப் பல்லவ மன்னன் ஊரைவிட்டு விரட்டியபோது ஆழ்வாரும் கிளம்பினார். திருவெஃகாவில் பள்ளிகொண்டிருந்த பெருமாளையும் பைந்நாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு வரச் சொன்னார். மூவரும் ஓரிரவு தங்கிய இடம் இது என்கிறது குருபரம்பரை. தை மகத்தையொட்டி அந்தப் பெருமாள் இன்றும் இங்கே எழுந்தருளுகிறார். இந்த வரலாற்றைப் பக்தியின் பெருமையாகவே சொல்லி வருகிறோம். அதே குருபரம்பரை சொல்லும் இன்னொரு செய்தியை மட்டும் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். பேயாழ்வாரிடம் வந்து சேருவதற்கு முன்னால், சமணம், பௌத்தம், சைவம் என்று அன்றிருந்த சமயங்களின் நூல்களையெல்லாம் திருமழிசையாழ்வார் ஒவ்வொன்றாகப் புகுந்து கற்றார். படிப்பு ஒருவனை வளர்க்குமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. தன்னோடு உடன்படாத நூலையும் பொறுமையாக முழுதும் படிக்கிறவன் வளர்கிறான். தனக்கு இசைவானதையே தேடித் தேடிப் படிப்பவனுக்குச் செய்திகள் சேரும். ஆள் இருந்த இடத்திலேயே இருப்பான்.

இது ஆழ்வார் ஒருவரின் தனிப்போக்கு அல்ல; இந்த ஊரின் கல்வி மரபே அப்படி. மயூரசர்மன் என்ற இளைஞன் குருவோடு காஞ்சிக் கடிகைக்குப் படிக்க வந்ததைத் தாளகுந்தா கல்வெட்டு சொல்கிறது. நாலந்தாவின் தலைமை ஆசிரியராக உயர்ந்த தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்று சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதிவைத்திருக்கிறார். மணிமேகலை வஞ்சியில் வைதிகம், சைவம், வைணவம், ஆசீவகம், நிகண்டம், சாங்கியம், பூதவாதம் என ஒவ்வொரு சமயவாதியிடமும் அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்டறிந்த பிறகுதான் காஞ்சிக்கு வந்து அறவண அடிகளிடம் தருமம் கேட்கிறாள். பின்னாளில் ராமாநுஜர் ஸ்ரீபாஷ்யம் எழுதியபோது தொடக்கத்திலேயே எதிர்த்தரப்பான அத்வைதத்தை நீளமாக, அவர்களே சொன்னால் எப்படிச் சொல்வார்களோ அப்படி எடுத்துரைத்து, அதற்குப் பிறகே தம் சித்தாந்தத்தை நிறுவினார். திருவெஃகாவுக்குப் பக்கத்திலுள்ள தூப்புலில் 1268இல் அவதரித்த வேதாந்த தேசிகர், பிற மதங்களை ஆராய்வதற்கென்றே பரமதபங்கம் என்று தனி நூல் செய்தார். சைவத்தில் அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கம் 14 மாற்றுக் கொள்கைகளை எடுத்துச் சொல்லி மறுக்கிறது. மறுத்தார்கள், கடுமையாகவே மறுத்தார்கள். ஆனால் படிக்காமல் மறுக்கவில்லை.

இன்று புத்தகக் கடைகளில் முன்வரிசையில் இருப்பவை முன்னேற்ற நூல்கள். அவற்றை வாங்கிப் போகும் இளைஞர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நல்வாழ்வு தேடுகிற ஆசை அது. ஆனால் அவற்றில் பத்தைப் படித்தாலும் வாசகனிடம் "நீ நினைப்பது தவறோ?" என்று கேட்கும் பக்கம் அரிதாகவே வரும். எல்லாமே முதுகில் தட்டிக்கொடுக்கும். தட்டிக்கொடுத்தால் நாலு நாளைக்கு உற்சாகம் வரும், ஐந்தாம் நாள் அடுத்த புத்தகம் தேவைப்படும்.

எதிர்க்கருத்தைப் படித்தால் நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடாதா என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான், சிலருக்கு ஆட்டம் காணவும் செய்யும். யாதவப்பிரகாசரிடம் படித்த ராமாநுஜரே குருவின் உரையை ஏற்க முடியாமல் விலகினார். அதனால் முதலில் சொந்த நூலை ஒரு நல்லாசிரியரிடம் பாடம் கேட்டுக்கொண்டு, பிறகு வெளியே போகட்டும் என்றால் எனக்கு மறுப்பில்லை, ஆழ்வார் போன வழி நேர்மாறாக இருந்தாலும். ஆனால் வெளியே போகவே கூடாது என்பதை ஏற்க மாட்டேன். கேள்வியே கேட்டறியாத நம்பிக்கை, கல்லூரியில் எதிர்ப்படும் முதல் கேள்வியிலேயே கைவிட்டுப் போகிறது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, அருள் இருந்தால் போதும் என்பது இன்னொரு தடை. பெரும்புலியூரில் நடந்ததைப் பாருங்கள். வேதம் ஓதிக்கொண்டிருந்தவர்கள், பிரம்பு வேலை செய்யும் வீட்டில் வளர்ந்த ஆழ்வார் அந்தப் பக்கம் வந்ததும், இவர் காதில் விழக்கூடாதென்று நிறுத்தினார்கள். அவர் நகர்ந்த பிறகு விட்ட இடம் அவர்களுக்கு மறந்துபோயிற்று. ஆழ்வார் பேசவில்லை. ஒரு கருநெல்லை எடுத்து நகத்தால் கீறிக் காட்டினார். கருநெல்லை நகத்தால் பிளப்பதைச் சொல்லும் வாக்கியம்தான் அவர்கள் விட்ட இடம். அருள் இருந்தது, சந்தேகமில்லை. அந்த அருள் வெளிப்பட்டது அவருக்கு மறுக்கப்பட்ட நூலை அவர் அறிந்திருந்த அறிவின் வழியாகத்தான்.

தறிக்குழியில் காலை இறக்கிவிட்டால் பொழுது சாயும்வரை எழ முடியாத நெசவாளிக்குப் படிக்க நேரம் ஏது என்பார்கள். நேரம் குறைவு என்பது உண்மை. ஆனாலும் இதே காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்த அண்ணா, கம்பராமாயணத்தைப் பாட்டுப் பாட்டாகப் படித்துத்தான் 1943இல் ரா.பி. சேதுப்பிள்ளையோடும் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் மேடையில் வாதாடினார். கம்பனை எதிர்த்த அவர் முடிவு எனக்கு உடன்பாடில்லை. கம்பனைக் கும்பிடும் நம்மில் எத்தனை பேர் அவ்வளவு கம்பனைப் படித்திருக்கிறோம் என்ற கேள்வி மட்டும் என்னை விடுவதில்லை. நேரமில்லாதவர்கள் செல்போனில் உரை கேட்கலாமே என்பதும் சரிதான், கேளுங்கள். இங்கே பாலாற்றங்கரையில் மணிமண்டபம் கொண்டிருக்கும் மகாபெரியவரின் உரைகளை ரா. கணபதி 7 பகுதிகளாகத் தெய்வத்தின் குரல் என்று தொகுத்தாரே, எதற்கு? கேட்டது காற்றோடு போகும். அச்சில் இருந்தால் சந்தேகம் வந்த பக்கத்துக்குத் திரும்பிப் போய் வாக்கியத்தை நிறுத்திக் கேள்வி கேட்கலாம்.

வெற்றி கிடைக்குமா என்றும் கேட்பீர்கள். அந்தப் பல்லவ மன்னன் கணிகண்ணனிடம் தன்னைப் பாடச் சொன்னான். பாடியிருந்தால் கணிகண்ணனுக்குப் பொன்னும் மாளிகையும் கிடைத்திருக்கும். மாட்டேன் என்று சொல்லிவிட்டு நடந்தான். எல்லாத் தரப்பையும் சீர்தூக்கிப் பார்த்த ஆசிரியரிடம் வளர்ந்தவனுக்கே வரும் தெளிவு அது. வருகிற தைக்குள் ஆழ்வாரின் நான்முகன் திருவந்தாதி 96 பாசுரங்களையும், கூடவே மணிமேகலையில் சமயக்கணக்கர் பேசும் 27ஆம் காதையையும் உரையோடு எடுத்து வையுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. ஆறு மாதம் ஆனாலும் ஆகட்டும், வீட்டில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் மறுத்துப் பேசுங்கள்.