யஹ்யா என்னும் திருநாமம்

 

சென்ற மாதம் ஒரு வியாழனன்று, அஸர் தொழுகை முடிந்து முஸல்லாவை விட்டு எழுமுன், நம் ஜமாஅத்தைச் சேர்ந்த வியாபாரி ஒருவர் என்னருகே வந்து அமர்ந்தார். பெட்டியடியில் யாரையோ உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறார் என்பது, அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. அவர் மகனுக்கு மணமாகிப் பதினோராம் ஆண்டில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. ஏழாம் நாள் அகீகா. ஆட்டுக்குச் சொல்லியாயிற்று, பெயர்தான் அகப்படவில்லை.

"மருமவ ராவும் பகலும் டெலிபோனிலே தேடுது, ஹஜ்ரத். யாருக்குமே இல்லாத பேரா வேணுமாம். மவனும் அந்தப் பக்கம்தான். எனக்கு எங்க வாப்பா பேரை வைக்கணும். கடைப் போர்டிலே இருக்கிறதும் அவங்க பேருதான். நாளைக்குப் பெட்டியடியிலே உட்கார்றவனுக்கும் அந்தப் பேர் இருக்க வேணாமா? நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்க."

அவர் ஆசையில் தவறில்லை. பாட்டனார் பெயரைத் தாங்குபவன் என்பதால்தானே தமிழில் 'பெயரன்' என்றார்கள். அதுதான் நம் வாயில் 'பேரன்' ஆயிற்று. ஆனால் மருமகள் கேட்டது என் மனத்தில் வேறொன்றைக் கிளப்பிவிட்டது. யாருக்கும் இல்லாத பெயர் என்று அல்லாஹுத் தஆலாவே சொல்லிக் கொடுத்த பெயர் ஒன்று திருக்குர்ஆனில் இருக்கிறது. அன்று அவரிடம் சொன்னதையும், அவர் கடைக்குத் திரும்பும் அவசரத்தில் நான் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஸூரத்து மர்யம் தொடக்கத்தைத் திறந்து பாருங்கள். ஹஜ்ரத் ஜக்கரியா அலைஹிஸ்ஸலாம் அவர்கள் முதுமை எய்திவிட்டார்கள். எலும்பு தளர்ந்து, தலை நரைத்து வெளுத்துவிட்டது. மனைவியோ மலடி. தமக்குப்பின் உறவினர் எப்படி நடந்துகொள்வார்களோ என்ற அச்சம் வேறு. ஆகவே தமக்கு ஒரு வாரிசு வேண்டுமென்று இரகசியமாக, மெல்லிய குரலில் இரந்து கேட்கிறார்கள். என்ன சொத்துக்கு வாரிசு? அவர்கள் தச்சு வேலை செய்து பிழைத்தவர்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. நபிமார்கள் தீனாரையும் திர்ஹத்தையும் விட்டுச் செல்வதில்லை என்றும் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஆதலால் அது இல்முக்கும் நுபுவ்வத்துக்கும் வாரிசு என்றே முபஸ்ஸிரீன்களில் பெரும்பாலோர் விளக்கம் தருகிறார்கள்.

துஆ ஏற்கப்பட்டது. ஏழாவது ஆயத்தில் நற்செய்தி வருகிறது. மகன் பிறப்பான் என்பதோடு நிற்கவில்லை. அவர் பெயர் யஹ்யா என்பதும், அதற்குமுன் அந்தப் பெயருடையவர் எவரையும் ஆக்கியதில்லை என்பதும் அதே ஆயத்தில் இருக்கின்றன. பெயரைத் தந்தை தேடவில்லை. பாட்டனார் பெயருமில்லை, குலத்துப் பெயருமில்லை. கேட்டவர் வாரிசு கேட்டார். கொடுத்தவனோ பிள்ளையையும் கொடுத்துப் பெயரையும் தானே கொடுத்தான்.

இந்த ஆயத்தில் வரும் 'ஸமிய்யு' என்ற சொல்லுக்கு இரண்டு விளக்கம் உண்டு. கதாதா போன்றோர், அதே பெயர் கொண்டவர் என்று பொருள் கொண்டார்கள். இமாம் முஜாஹித் அவர்களோ, ஒப்பானவர் என்று பொருள் சொன்னார்கள். அதே ஸூராவின் 65ஆம் ஆயத்தில் அல்லாஹ்வுக்கு ஒப்பானவர் எவரையேனும் அறிவீரோ என்று கேட்குமிடத்திலும் இச்சொல்லே வருகிறது. பனீ இஸ்ராயீல்களிடையே 'யோஹனான்' என்ற பெயருடையோர் முன்பே இருந்தார்களே என்று கேட்பவர்களுக்கு, முஜாஹித் அவர்களின் விளக்கம் போதுமான விடையாகும்.

அரபியில் 'யஹ்யா' என்றால் 'வாழ்கிறார்' என்பது பொருள். வறண்டு போன தாய் வயிற்றுக்கு அவரைக் கொண்டு உயிர் வந்ததால் இப்பெயர் என்றார்கள் சிலர். ஈமானால் அவர் உள்ளம் உயிர்பெற்றது என்றார்கள் வேறு சிலர். யோஹனான் என்ற எபிரேயப் பெயருக்கோ 'இறைவன் அருள் புரிந்தான்' என்பது பொருள். அதன் வேர் ஹ, ன, ன என்ற மூன்றெழுத்து. இனி 13ஆம் ஆயத்தைப் பாருங்கள். யஹ்யா அவர்களுக்கு நம்மிடமிருந்து 'ஹனான்' கொடுத்தோம் என்று அல்லாஹ் கூறுகிறான். கனிவு, இரக்கம் என்று பொருள்படும் இந்தச் சொல் குர்ஆன் முழுவதிலும் இந்த ஓரிடத்தில்தான் வருகிறது. இதைக் கண்ட நாளிலிருந்து அந்த ஆயத்தை வேகமாக ஓதிக் கடக்க என்னால் முடிவதில்லை.

முன்பு எவருக்கும் இல்லாத பெயர், பின்னால் எத்தனை கோடிப் பேருடையதாயிற்று! ஜான், இவான், ஹுவான், ஜொவானி என்று பல நாட்டாரும் வழங்குவது அதே யோஹனானைத்தான். தமிழ்க் கிறிஸ்தவர்களில் ஒரு சாரார் யோவான் என்கிறார்கள். கத்தோலிக்கர்களோ பொருளைப் பிடித்து 'அருளப்பர்' என்று அழகாகத் தமிழாக்கினார்கள். உங்கள் கடைக்கு அடுத்த கடையில் ஓர் அருளப்பன் இருந்தால், அவர் பெயரின் வேர் நம் ஸூரத்து மர்யமிலும் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், மகிழ்ந்து போவார். டமாஸ்கஸ் உமவிய்யாப் பள்ளிவாசலுக்குள் ஹஜ்ரத் யஹ்யா அவர்களுடையது என்று கருதப்படும் கப்ரு ஒன்று உண்டு. 2001ஆம் ஆண்டு மே மாதம் அங்கே வந்து நின்ற போப்பாண்டவரின் பெயரிலும் அதே பெயர் இருந்தது: இரண்டாம் ஜான் பால்.

மலாய்க்காரர்களிடையே யஹ்யா சகஜமான பெயர். கிளந்தான் சுல்தான் யஹ்யா பெட்ரா அவர்கள் 1975 முதல் 1979 வரை மலேசியாவின் மாமன்னராக இருந்தார்கள். நம் தமிழ் முஸ்லிம்களிடையே மட்டும் இப்பெயர் அபூர்வம். நாகூர் ஆண்டகை மீதுள்ள பிரியம் பினாங்கு சூலியா தெருவிலும் சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவிலும் நினைவுக் கட்டடங்களாக எழுந்தது. ஷாஹுல் ஹமீது என்று கூப்பிட்டால் கடைக்கு ஒருவராவது திரும்பிப் பார்ப்பார். முஹ்யித்தீன் என்றால் தெருவுக்குப் பத்துப் பேர்.

முஹ்யித்தீன் என்றதும் ஒருவரைச் சொல்லாமல் போக மனமில்லை. ஷாபி மத்ஹபுக்காரர்களாகிய நாம் எந்த மஸ்அலாவுக்கும் இமாம் நவவி அவர்களின் சொல்லைத் தேடுகிறோம். மதரஸாப் பிள்ளைகள் அவர்களின் நாற்பது ஹதீஸை ஓதுகிறார்கள். முஹ்யித்தீன் என்பது மற்றவர்கள் கொடுத்த பட்டம். அப்படி அழைக்கப்படுவதை அவர்கள் விரும்பவில்லை என்று வரலாற்றில் இருக்கிறது. பெற்றோர் வைத்த பெயர் யஹ்யா. ஹிஜ்ரி 631இல், அதாவது 1233இல், டமாஸ்கஸுக்குத் தெற்கே நவா என்ற ஊரில் பிறந்தார்கள். தகப்பனாருக்கு அங்கே ஒரு கடை!

பத்து வயதில் மற்றப் பிள்ளைகள் விளையாட்டுக்கு இழுக்க, அவர்கள் அழுதுகொண்டே ஓடிப்போய்க் குர்ஆனை ஓதுவதை ஒரு பெரியவர் பார்த்திருக்கிறார். தகப்பனார் கடையில் உட்கார வைத்தார். கொடுக்கல் வாங்கல் அவர்களைக் குர்ஆனிலிருந்து திருப்பவில்லை. பத்தொன்பதாம் வயதில் அந்தத் தகப்பனாரே டமாஸ்கஸுக்கு அழைத்துப்போய்ப் படிப்பில் விட்டார். ஹஜ்ரத் யஹ்யா அவர்களைச் சிறுவர்கள் விளையாட அழைத்தபோது, நாம் விளையாட்டுக்காகப் படைக்கப்படவில்லை என்று மறுத்ததாகத் தஃப்ஸீர்களில் வரும் செய்தியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இமாமவர்கள் மணம் முடிக்கவில்லை, பிள்ளை இல்லை. ஆயினும் யஹ்யா என்ற பெயருடையோருக்கு வழக்கமாகச் சொல்லும் 'அபூ ஜக்கரியா', ஜக்கரியாவின் தந்தை, என்பதே அவர்களின் குன்யத்து. தகப்பனார் பெயர் இப்படியும் திரும்பி வருவதுண்டு.

இன்று பெயர் தேடும் விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. குர்ஆனில் வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக, பொருள் தெரியாமல் ஒரு சொல்லைப் பிடித்துப் பிள்ளைக்குச் சூட்டிவிடுகிறார்கள். ஃபிர்அவ்னும் குர்ஆனில்தான் வருகிறான். ஒருவருக்கும் இல்லாத பெயர் என்பது கடையில் புது மாடல் சரக்கு இறக்குவது போலல்ல. ஹஜ்ரத் யஹ்யா அவர்களுக்கு அபூர்வமான பெயரோடு என்னென்ன வந்தன? வேதத்தைப் பலமாகப் பற்றிப் பிடிக்கும்படி கட்டளை. சிறு வயதிலேயே ஞானம். தாய் தந்தையருக்கு நன்மை செய்பவர், முரடரல்லர் என்ற நற்சான்று. பிறந்த நாளிலும் மரிக்கும் நாளிலும் எழுப்பப்படும் நாளிலும் ஸலாம். அரசன் ஹெரோது அன்டிபாஸ் அவர்களைக் கொல்லச் செய்தான் என்பது சரித்திரம். 'வாழ்கிறார்' என்று பெயர் பெற்றவர் வாளுக்கு இரையானார். அல்லாஹ்வின் பாதையில் கொல்லப்பட்டோரை மரித்தோர் என எண்ணாதீர் என்பது இறைவாக்கு. மிஃராஜ் இரவில் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் இரண்டாம் வானத்தில், ஈஸா அலைஹிஸ்ஸலாம் அவர்களோடு யஹ்யா அவர்களையும் கண்டார்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நம் வியாபாரி, "தீர்ப்பு ஒண்ணும் சொல்லலியே ஹஜ்ரத்" என்றார்.

"பேரன் உங்களுடையவன், நானா. நான் யார் தீர்ப்புச் சொல்ல?" என்றேன். தொப்பியைச் சரி செய்துகொண்டு எழுந்து போய்விட்டார்.

அகீகா நாளன்று பிள்ளையை என்னிடம் கொடுத்தார்கள். என்ன பெயர் என்று கேட்டேன். மகன் தகப்பனார் முகத்தைப் பார்த்தார். மருமகள் கதவோரத்தில் நின்றாள். பெரியவர் ஒரு கணம் பேசவில்லை. பிறகு, தொண்டையிலிருந்து ஹாவைச் சிரமப்பட்டு எடுத்து, "யஹ்யா" என்றார். இரவெல்லாம் சொல்லிப் பழகியிருப்பார் போலும்.

உள்ளேயிருந்து அவருடைய ராத்தா, "எஹியாவா? நம்ம வம்சத்திலே யாருக்குத் தம்பி அந்தப் பேரு?" என்று சத்தமாகக் கேட்டார்கள். இன்ஜீலில் லூக்கா எழுதிய பகுதியிலும் உறவினர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள் என்பது அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

"யாருக்கும் இல்லே ராத்தா" என்றார் பெரியவர். சொல்லிவிட்டு, கறியைப் பங்கு வைக்கும் இடத்துக்குப் போய்விட்டார்.