கடைசி நான்கு விரல்

ஸ்கூட்டர் டயரை ரிம்மில் ஏற்றும்போது முக்கால்வாசி வேலை தானாக நடந்துவிடும். சோப்புத் தண்ணீர் தடவிக் கையால் அழுத்தினாலே டயர் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். இன்னும் நான்கு விரல் அகலம்தான் பாக்கி என்னும்போது நின்றுவிடும். லீவரைக் கொடுத்து நெம்பினால் நெம்பிய இடம் உள்ளே போகிறது, பக்கத்து இடம் வெளியே வருகிறது. இன்னொரு லீவர் போடுகிறோம், முட்டியை ஊன்றுகிறோம். அசைவதில்லை. பஞ்சர் கடையில் வேலை பழகும் பையன்கள் எல்லாருமே இந்த நான்கு விரலோடு மல்லுக்கட்டியவர்கள்தான். கடைக்காரர் வேறு வேலை பார்த்துக்கொண்டே சொல்வார்: “அங்க ஏண்டா முட்டுற? எதிர்ப்பக்கம் மிதி.”

பையன் எதிர்ப்பக்கம் மிதிப்பான். முட்டியும் இரண்டு லீவரும் சேர்ந்து செய்ய முடியாததை அடுத்த நொடி ஒரு லீவர் செய்து முடிக்கும்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. டயரின் உள்விளிம்பில், பீடு என்று கடைகளில் சொல்லும் பகுதியில், எஃகுக் கம்பியால் ஆன ஒரு வளையம் ரப்பருக்குள் புதைந்திருக்கிறது. ரப்பர் இழுத்த இழுப்புக்கு வரும், கம்பி வராது. வரவும் கூடாது. ஓடும் வண்டியில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடாமல் காப்பது அந்தக் கம்பியின் பிடிவாதம்தான். அந்த வளையம் ரிம்மின் வெளி உதட்டைவிடச் சிறியது. சிறிய வளையம் பெரிய வட்டத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டும், வளையமோ நீளாது. பலத்தை எவ்வளவு கூட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. லீவர் வளையும், ரிம்மின் உதடு நசுங்கும், கெட்ட நேரமாக இருந்தால் பீடு கிழியும், அவ்வளவுதான்.

ரிம்மை வடிவமைத்தவர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். ரிம்மின் நடுவில் சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடுகிறது. ஒரு பக்கத்து பீடு அந்தப் பள்ளத்தில் இறங்கினால், இறங்கிய அளவுக்கு எதிர்ப்பக்கத்தில் தளர்வு கிடைக்கும். கடைசி நான்கு விரல் அந்தத் தளர்வில்தான் தாண்டுகிறது. தடை கண்ணுக்குத் தெரியும் இடம் ஒன்று, அது தீரும் இடம் அதற்கு நேர் எதிரே.

இந்த வேலையை வீட்டில் செய்துதான் ஆக வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை. கடையில் மெஷின் இருக்கிறது, கம்ப்ரஸர் இருக்கிறது, கூலியும் பெரிதில்லை. வீட்டிலோ சக்கரத்தை எடுப்பதற்கே, பல ஸ்கூட்டர்களில், சைலன்சரைக் கழற்ற வேண்டியிருக்கும். ரிம்மோடு ஒட்டிக் கிடக்கும் பழைய டயரைப் பிரிக்க, இன்னொரு வண்டியின் சைடு ஸ்டாண்டை அதன் மேல் ஊன்றி, அந்த வண்டியின் எடையால் அழுத்த வேண்டும். ஆனாலும் நாம் உட்கார்ந்து போகும் வண்டி எதன் மேல் ஓடுகிறது என்பதை ஒருமுறையாவது கையால் தொட்டு அறிய வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சாலைக்கும் நமக்கும் நடுவே இருப்பது இரண்டு உள்ளங்கை அளவு ரப்பர். அதைப் பற்றி எதுவுமே தெரியாமல், குழந்தையை முன்னால் நிற்கவைத்துக்கொண்டு போகிறோம்.

முந்தைய தலைமுறைக்கு இந்த அறிவு வாசலிலேயே கிடைத்தது. பஜாஜ் சேத்தக், வெஸ்பா, லாம்பி எல்லாவற்றுக்கும் ரிம் இரண்டு பாதி. நட்டுகளைக் கழற்றினால் தட்டுத் தட்டாகப் பிரிந்துவிடும், டயரை நெம்பவே தேவையில்லை. வண்டியைச் சாய்த்துப் போட்டு, ஸ்டெப்னியை மாற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை நிதானமாக டியூபை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பார்கள். காற்றை முழுக்க இறக்காமல் ரிம்மின் நட்டைத் தொடக் கூடாது என்பதைச் சிறுவர்களும் அறிந்திருந்தார்கள். இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் காற்று கசியும், ஆகவே அந்த ரிம்மை அப்படியே வைத்துக்கொண்டு டியூப்லெஸ் போட முடியாது. பழைய வண்டியை ஆசையாக வைத்திருப்பவர்கள் டயரை வாங்குவதற்கு முன்பு ரிம்மைப் பார்க்க வேண்டும். டியூப்லெஸ்ஸுக்கென்றே செய்த ஒரே துண்டு ரிம்மாக அது இருக்க வேண்டும்.

டியூப் என்பது ஒரு பை. காற்றை வைக்க ஒரு பை வேண்டும் என்பதில் வெகுகாலம் யாருக்கும் பெரிய சந்தேகம் வரவில்லை. பெல்ஃபாஸ்டில் இருந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் 1888-ல் காற்று டயருக்குக் காப்புரிமை பெற்றார். பை இல்லாமலும் நடக்கும் என்று ஆங்காங்கே சிலர் யோசித்துப் பார்த்ததுண்டு, ஆனால் அது சாலைக்கு வரவில்லை. அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குட்ரிச் நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபிராங்க் ஹெர்ஸெக் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்து 1952-ல் காப்புரிமை பெற்றார். 1950-களின் நடுவிலேயே அங்கே புதுக் கார்களில் அது வழக்கமாகிவிட்டது. நம் ஊர் ஸ்கூட்டருக்கு வந்துசேர அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. இதற்கிடையில் நாம் டயர் தெரியாதவர்களாக இருந்துவிடவில்லை. எம்.ஆர்.எஃப். 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கியது. காற்றை அடைத்து வைப்பதுதான் அன்றும் இன்றும் அதன் தொழில். மதுரைக்குப் பக்கத்தில் வெள்ளரிப்பட்டியில் ஸ்கூட்டர் டயர்கள் உருவாகின்றன, குமரி மாவட்டத்தில் ரப்பர் மரம் பால் சுரக்கிறது.

பையை எடுத்துவிட்டால் காற்றை எது பிடித்து வைக்கிறது? டயரின் உட்சுவரில் பியூட்டைல் வகை ரப்பரில் ஒரு மெல்லிய பூச்சு உண்டு. மரத்து ரப்பரைவிட அது பல மடங்கு இறுக்கமாகக் காற்றை அடைத்து வைக்கும். ஆனால் டயரும் ரிம்மும் சந்திக்கும் இடத்தில் பசையும் இல்லை, நட்டும் இல்லை. ரப்பர் உதடு ஒன்று இரும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே. அதை அங்கே அழுத்தி வைத்திருப்பது உள்ளே இருக்கும் காற்று. பத்து அங்குல ஸ்கூட்டர் டயரின் ஒரு பக்கப் பரப்பு ஏறக்குறைய ஆயிரம் சதுர சென்டிமீட்டர் வரும். 30 பி.எஸ்.ஐ. என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகம். கூட்டிப் பார்த்தால் ஒரு பக்கத்தை மட்டும் காற்று இரண்டு டன் அளவுக்கு வெளியே தள்ளுகிறது. வெளியே போகத் துடிக்கும் காற்றே தான் போகக்கூடிய வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. எந்தக் கையும் எந்தக் கருவியும் அந்த இடத்தை அப்படி இறுக்க முடியாது.

சிக்கல் ஆரம்பத்தில்தான். வெற்று டயரின் உதடுகள் ரிம்மைத் தொடாமல் தொளதொளவென்று கிடக்கும். கால் பம்பால் அடிக்கும் காற்று அடித்த வேகத்திலேயே வெளியேறும். உள்ளே காற்று நின்றால்தான் உதடு இறுகும், உதடு இறுகினால்தான் காற்று நிற்கும். இந்த வட்டத்தை உடைக்கச் சில வழிகள் உண்டு. கடையில் நசுங்கிக் கிடந்த டயரை முந்தின நாளே வாங்கி, இரண்டு உதடுகளுக்கும் நடுவே கட்டை வைத்து விரித்து, கொஞ்சம் வெயிலில் காட்டலாம். வால்வின் பின்னைக் கழற்றிவிட்டால் காற்று வேகமாக உள்ளே போகும். டயரின் முதுகைச் சுற்றிக் கயிறு கட்டி, ஒரு கழியை நுழைத்து முறுக்கினால் முதுகு உள்ளே அமுங்கி, உதடுகள் இரண்டு பக்கமும் விரிந்து ரிம்மைத் தொடும். பெட்ரோலைத் தெளித்துக் கொளுத்தி அந்த வெடிப்பில் டயரை ஏற்றும் ஆட்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்வதைப் பார்த்து ரசிக்கவும் வேண்டாம். பொறுமை போன இடத்தில் விரலும் கண்ணும் போகும். காற்று ஏற்றும்போதும் விரல்களை உதட்டருகே வைக்கக் கூடாது, டயரின் பக்கச் சுவரில் அச்சிட்ட அழுத்தத்தைத் தாண்டவும் கூடாது.

எல்லாம் சரியாக இருந்தால் ‘டப்’ என்று ஒரு சத்தம், சற்றுப் பொறுத்து இன்னொரு ‘டப்’. இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிட்டது. உட்காரவில்லை என்றால் பெரும்பாலும் பம்பின் மேல் குற்றம் இருக்காது. உதடு உட்காரும் இடத்தில் துரு இருக்கும், பழைய ரப்பரின் துணுக்கு ஒட்டியிருக்கும், முன்பு யாரோ ஊற்றிய பஞ்சர் திரவம் காய்ந்து பொருக்காகியிருக்கும். கடலோர ஊர்களில் இரும்பு ரிம் உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகிறது. கம்பிப் பிரஷ்ஷும் உப்புத்தாளும் வைத்துக்கொண்டு அந்த ஒரு விரல் அகல வட்டத்தைப் பொறுமையாகத் தேய்ப்பதுதான் உண்மையான வேலை. மொத்த நேரத்தில் பாதி அதற்கே போக வேண்டும்.

இவ்வளவுக்கும் கை செய்தது என்ன என்று கேட்டுப் பார்த்தால், ஒரு இடத்தைச் சுத்தமாக்கியது, வழுக்கலாக்கியது, எதிர்ப்பக்கத்தில் இடம் விட்டது, அவ்வளவுதான். டயரை ஏற்றியது பள்ளத்தில் கிடைத்த தளர்வு, பூட்டியது காற்று. நம் பலம் தேவைப்பட்ட இடம் எதுவுமே தடை இருந்த இடமாக இல்லை.

வயதான அப்பா ஸ்கூட்டர் ஓட்டுவதை நிறுத்த வேண்டும் என்று பிள்ளைகள் தவிக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். எல்லாரும் முட்டுவது சாவியில். ஒளித்து வைக்கிறார்கள், கெஞ்சுகிறார்கள், பேரனை விட்டுச் சொல்லச் சொல்கிறார்கள். அவர் இறுகிக்கொண்டே போகிறார். அந்த மனிதர் நாற்பது வருஷமாக யாரையும் எதிர்பார்க்காமல் போய் வந்தவர். பென்ஷன் நாளில் வங்கிக்கு யார் கூட வருவார்கள், சாயங்காலம் நண்பர் வீட்டுத் திண்ணைக்கு எப்படிப் போவது, மருந்து வாங்க மகனின் கையை எதிர்பார்க்க வேண்டுமா என்ற கேள்விகள் அவருக்குள் இருக்கின்றன, அவற்றை யாரும் கேட்கவில்லை. இடம் விட வேண்டியது அங்கே. ஒரு வீட்டில் மருமகள் தினமும் ஐந்து மணிக்கு, “மாமா, நான் அந்தப் பக்கம்தான் போறேன், வர்றீங்களா?” என்று கேட்க ஆரம்பித்தாள். சாவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி மெல்ல மெல்ல நிழலிலேயே நிற்கத் தொடங்கியது.

பிடிவாதம் என்று நாம் பெயர் வைப்பதில் பெரும்பகுதி நீளாத கம்பிதான். நீளாமல் இருப்பது அதன் குற்றமில்லை, அதுதான் அந்த மனிதரை இத்தனை காலம் ஓட்டத்தில் கழன்றுபோகாமல் வைத்திருந்தது. அதை வளைக்க நினைப்பவர்கள் அதை உடைக்கிறார்கள், அல்லது தாங்கள் வளைந்துபோகிறார்கள். ஒருவரை நம்மோடு வைத்திருப்பது நம் பிடி அல்ல. அவருக்குள் இருக்கும் விசையே அவரை நம் பக்கமாக அழுத்த வேண்டும். அது வந்து உட்காரும் இடத்தில் துரு இல்லாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே நம்மால் ஆகக்கூடியது, அதுவே முழு நேர வேலை.

டயர் உட்கார்ந்த பிறகு வால்வு பின்னை மாட்டி, கையேட்டில் சொன்ன அளவுக்குக் காற்றைச் சரிசெய்து, இரண்டு உதட்டோரமும் வால்வின் அடியிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். டயர் புதிது என்றால் ரப்பர் வால்வும் புதிதாக இருப்பது நல்லது, பழைய வால்வு அடிப்பகுதியில் வெடித்து மெல்லக் கசியும். மறுநாள் காலை வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, அளவு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் நாள் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டாம், சோப்பு ஈரம் காயும்வரை டயர் ரிம்மில் நழுவக்கூடும். புது டயரின் மேற்பரப்பும் வழவழப்பாகத்தான் இருக்கும். முதல் நூறு கிலோமீட்டருக்கு, முக்கியமாக மழையில், வளைவுகளில் வண்டியைச் சாய்க்காமல் ஓட்டுங்கள்.