விடுதலைக்கு விலை என்ன?

பிள்ளையார்பாளையத்துத் தறிகள் ஓயாமல் ஒலிக்கின்றன. ஊரார் வீட்டு மணப்பெண்கள் உடுத்த, உடல் தேய்ந்து பட்டு நெய்கிறது காஞ்சி. அந்தக் காஞ்சியிலே தார் சுற்றிப் பிழைக்கும் தாயொருவர், நம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய், சென்ற திங்கள் நம்மிடம் வந்தார். "வாத்தியாரய்யா, விவாகரத்து வாங்க எவ்வளவு செலவாகும்?" என்றார்.

விலகலாமா என்று அவர் கேட்கவில்லை. குடித்துவிட்டு அடிப்பவனோடு பத்தாண்டு வாழ்ந்ததில் அக்கேள்விக்கு விடை கண்டுவிட்டார். விலை என்ன என்றார்! நாம் தலைகுனிந்தோம்.

1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, மணத்தை முறித்துக்கொள்ளும் உரிமை ஆணுக்கும் பெண்ணுக்கும் வேண்டும் என்றது. பண்பாடு பாழாகும் எனப் பதறினர் பழமைவாதிகள். 1949இல் சென்னை மாகாணம் மணவிலக்குச் சட்டம் இயற்றியது. 1955இல் இந்து திருமணச் சட்டம் வந்தது. 1976இல் இருவரும் ஒருமனதாய்ப் பிரியவும் வழி பிறந்தது. கதவு திறந்தது, மெய். வாயிலிலே கட்டணம் கேட்கிறார்களே!

வழக்கறிஞர் கூலி கேட்பது குற்றமா? அன்று. உழைத்தவர் கூலி பெற வேண்டும் என்பதை நெசவூருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் தறியில் பாவு ஏறுமுன்பே சேலைக்குக் கூலி பேசும் நாம், கறுப்பு அங்கியைக் கண்டதும் ஏன் வாய்மூடி நிற்கிறோம்? மனுவுக்கு எவ்வளவு, வாய்தாவுக்கு எவ்வளவு, மேல்முறையீடு நேர்ந்தால் எவ்வளவு எனக் கேட்டு, எழுதி வாங்குவது மரியாதைக் குறைவாகாது. வென்றால் ஜீவனாம்சத்தில் பங்கு என்று பேரம் பேசுவதோ, பார் கவுன்சில் விதிகளே விலக்கிய செயல்.

ஏழைக்கு வேறு வழியும் உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்ணெனில் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் பெறலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் கேட்டாலே வழி காட்டுவர். 15100 என்ற எண்ணில் பேசியும் அறியலாம். போதிய வருவாயற்றவர், அவர் மனைவியாயினும் கணவனாயினும், வழக்குச் செலவை எதிர்த்தரப்பிடம் கோர இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவு இடந்தருகிறது. உரிமையை அச்சிட்டுப் பெட்டியில் பூட்டிவிட்டு, ஏன் எவரும் வரவில்லை என்று வியக்கிறோம்!

குடும்பம் பிரிய அரசுப் பணமா என்று முகம் சுளிப்போர் உளர். 2011இல் தாலிக்கு 4 கிராம் தங்கம் தந்தது தமிழக அரசு; 2016இல் அதனை 8 கிராம் ஆக்கிற்று. அன்று இவர்கள் முணுமுணுத்ததாய் நமக்கு நினைவில்லை. கட்டுவதற்குக் கொடுக்கலாமாம், கழற்றுவதற்குக் கொடுக்கலாகாதாம். என்ன அறம் இது?

அந்தத் தாயிடம் இவற்றையெல்லாம் விளக்கினோம். பொறுமையாய்க் கேட்டார். "வக்கீலுக்குக் காசு வேண்டாம், சரிங்க ஐயா. கோர்ட்டுக்குப் போற நாளெல்லாம் என் கூலி போயிடுமே, அதை யார் கொடுப்பாங்க?" என்றார்.

நம்மிடம் விடை இல்லை.