சுவை இழந்தவரின் ஒருசந்தி

கடந்த தவக்காலத்தின் முதல் வெள்ளியன்று, சிலுவைப்பாதை முடிந்து வேப்பந்தட்டை வீட்டுக்குத் திரும்புகையில் என் அண்ணி கேட்டார்: "தம்பி, எனக்குப் பசியே எடுக்கிறதில்லை. ஆசையாய்ச் சாப்பிட ஒன்றும் இல்லை. அப்படியிருக்க, நான் இருக்கிற ஒருசந்தி ஆண்டவருக்கு என்ன காணிக்கை?"

அவருக்கு வயது 52. சர்க்கரை நோயும் முழங்கால் வலியும் முற்றவே, இரண்டு ஆண்டுகளுக்கு முன் திருச்சியில் இரைப்பையைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். எடை குறைந்தது, சர்க்கரையும் தணிந்தது. கூடவே நாவும் மாறிவிட்டது. அதிரசம் திகட்டியது, கறிக்குழம்பின் மணம் குமட்டியது, காப்பியில் இரும்பு வாடை அடிப்பதாகச் சொன்னார். அடுப்படியை ஆண்டவர், குழம்பை இறக்குமுன் "உப்புப் பாருங்கள்" என்று பிறரிடம் கரண்டியை நீட்டலானார்.

நோயாளருக்கு ஒருசந்திக் கடமை இல்லை என்று திருச்சபைச் சட்டத்தைச் சொல்லி நான் தப்பித்திருக்கலாம். அவர் கேட்டது அதுவன்று.

மருத்துவர்கள் இம்மாற்றத்தை நன்கு அறிவர். 1960களில் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் இவ்வகை அறுவைக்கு வழி திறந்தார். இன்று மிகுதியாகச் செய்யப்படும் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ 80 விழுக்காடு அகற்றப்படுகிறது. பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்னும் சுரப்பு (1999இல் ஜப்பானியர் கண்டறிந்தது) பெரிதும் அப்பகுதியில்தான் ஊறுகிறது. ஆகவே அதுவும் குறைகிறது. உணவைக் குடலின் கீழ்ப்பகுதிக்குத் திருப்பிவிடும் மற்றொரு முறையில், சர்க்கரை மிகுந்தால் வியர்த்து, நெஞ்சு படபடத்து, தலை சுற்றும். உடலே இனிப்பை வெறுக்கக் கற்றுக்கொள்கிறது. நாவின் கூர்மை எவ்வளவு மாறுகிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. இனிப்பின்மீதும் கொழுப்பின்மீதும் பலருக்கு நாட்டம் குன்றுவது மட்டும் திரும்பத் திரும்பக் காணப்பட்டுள்ளது.

சிறுவயதில் நாம் மனப்பாடம் செய்த ஞானோபதேசத்தில் போசனப்பிரியம் தலையான பாவங்களுள் ஒன்று. அதற்கு எதிரான புண்ணியம் மட்டசனம். இச்சை கொதிக்க அதனோடு போராடி வெல்பவர் மேலானவரா, இச்சையே தணிந்து அமைதியுற்றவர் மேலானவரா என்று புனித தோமா அக்குவினார் வினவுகிறார். இரண்டாமவரே என்பது அவர் விடை. அங்கே அறிவின் ஒளி ஆசைக்குள்ளேயே புகுந்துவிட்டது என்பதால். அவரே பருத்த உடலினர் என்பது மரபு. அதை எண்ணும்போது அவர் பகுப்பாய்வுமீது எனக்கு மதிப்புக் கூடுகிறது.

இந்த அளவுகோலால் அண்ணியை அளந்தால் என்ன ஆகும்? அவர் ஆசை தணிந்திருக்கிறது. தணித்தது அறிவன்று, கத்தி. ஆகவே அது மட்டசனம் அன்று. உணவை மருந்தைப்போல் உண்ண வேண்டும் என்றும், பசி தீரும் வழியிலேயே இன்பம் கண்ணி விரிக்கிறது என்றும் புனித அகுஸ்தினார் கலங்கினார். கண்ணியே இல்லாத உணவு அண்ணிக்கு வாய்த்தது. அவரோ, கிறிஸ்து பிறப்பு விழாவன்று தன் கைப்பலகாரம் தனக்கே மண்ணாய் இருக்கிறதென்று அழுதார். கானாவூரில் இரசம் அருந்திய கூட்டத்தோடு அமர்ந்திருந்த ஆண்டவர் அந்தக் கண்ணீரைப் பழிப்பார் என்று நான் நம்பவில்லை.

ஆனால் அதே அளவுகோல் என்மீதும் விழுகிறதே! நான் மெலிந்தவன். இரண்டு தோசைக்குமேல் எனக்கு இறங்காது. இதை நான் நோற்றுப் பெறவில்லை, போராடியதும் இல்லை. என் இரைப்பை அப்படி அமைந்தது, அவ்வளவே. இருந்தும் முப்பது ஆண்டுகளாக, பந்தியில் அண்ணி மறுசோறு கேட்கும்போதெல்லாம், "போசனப்பிரியம் தலையான பாவம், அண்ணி" என்று கேலி செய்திருக்கிறேன். எல்லாரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். இரைப்பையின் ஒரு துண்டை நீக்கியதும் ஒரு "பாவம்" மறைந்துபோகுமானால், அத்தனை ஆண்டுகளும் அவர் சுமந்தது பாவமா, என்னிலும் பெரிய பசியா? தன் விருப்பத்துக்கு அதில் பங்கே இல்லை என்று அண்ணியே சொல்லமாட்டார். எவ்வளவு பங்கு என்று அறிந்தவர் ஒருவரே, நான் அல்லேன். மனுமகனையே பெருந்தீனிக்காரர் என்று பழித்த வாய்கள் இருந்தன என்பதை மத்தேயு நற்செய்தியின் 11ஆம் அதிகாரம் சொல்கிறது. எத்தனையோ முறை கேட்ட வாசகம். அதில் நான் எந்தப் பக்கம் நின்றேன் என்பது உறைக்கவேயில்லை.

அன்று வழியிலேயே மன்னிப்புக் கேட்டேன். "எதற்குத் தம்பி?" என்றார்; நினைவூட்டியபோது, "அதையெல்லாம் யார் வைத்துக்கொண்டிருந்தார்கள்" என்று நடந்தார். ஆனால் குரல் கம்மியிருந்தது. அவர் கேள்விக்கு நேரான விடை என்னிடம் இல்லை. சுவையறியாத நாவோடு பத்துப் பேருக்குச் சமைத்துப் பரிமாறுகிறீர்களே, அதை ஒப்புக்கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

இம்மாற்றம் எல்லாருக்கும் நிலைப்பதில்லை. பலருக்கு ஓரிரு ஆண்டுகளில் பசியும் பழைய நாட்டமும் மெல்லத் திரும்புகின்றன. சிலருக்கு எடையும் திரும்புகிறது. உயிர்ப்பு விழாவன்று பந்தி முடிந்தபின் அண்ணி என்னைச் சமையற்கட்டுக்கு அழைத்தார். கையில் பாதி கடித்த அதிரசம்.

"கொஞ்சம் இனிக்கிறது, தம்பி" என்றார். மகிழ்ச்சியோடுதான் சொன்னார், ஆனால் மீதிப் பாதியைத் தட்டில் வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.