பாதிச் செம்பு தண்ணீர்

ஆனி பிறந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கிவிட்டால் தென்காசியில் யாரும் காலண்டரைப் பார்க்க வேண்டியதில்லை. காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நின்றால் காற்று ஆளைத் தள்ளும். வெயில் அடிக்கும்போதே சாரல் தூவும். அந்த இரண்டு மூன்று மாதங்களுக்குள் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் குற்றாலத்துக்கு வந்து சேருகிறார்கள். பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் நடக்கிறார்கள். தோளிலும் முதுகிலும் இருந்த கனமெல்லாம் கழன்றுவிட்ட முகத்தோடு ஈரத்துணியில் திரும்புகிறார்கள். மேலிருந்து வரும் தண்ணீர் பொங்குமாங்கடல் என்கிற பாறைப் பள்ளத்தில் முதலில் விழுந்து, வேகம் அடங்கி, அங்கிருந்து பொங்கி வழிகிறது. அதனால்தான் பேரருவியின் கீழே மனிதத் தலை நிற்க முடிகிறது.

குளித்தவர்களுக்குப் பசி எடுக்கும். சாதாரணப் பசி இல்லை, அருவிப் பசி. பிரானூர் பார்டர் பக்கம் போய் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிடுவார்கள். வழியில் கொதிக்கிற எண்ணெயிலிருந்து அள்ளிய நேந்திரங்காய் சிப்ஸ், மங்குஸ்தான், ரம்புட்டான், ஊருக்கு ஒரு கிலோ அல்வா. மூன்றாம் நாள் வண்டி ஏறும்போது, "உடம்பு புதுசா ஆயிட்டு" என்பார்கள். ஆண்டுக்கு ஒரு தரம் மனிதன் இப்படி மகிழ்ந்திருப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: ரத்த அழுத்தமும் இதயக் கோளாறும் உள்ளவர்களுக்குச் சில்லென்ற நீர் திடீரென்று விழும்போது ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். அருவியும் மூலிகைக் காற்றும் பார்த்துக்கொள்ளும் என்று மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்களை நினைத்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது.

நான் எழுத நினைப்பது அந்த மூன்று நாளைப் பற்றி இல்லை. அருவிக்குக் கிழக்கே, கடையம், பாவூர்சத்திரம், ஆலங்குளம் என்று விரியும் ஊர்களில் வருஷம் முழுவதும் வாசல் திண்ணையிலும் நடுவீட்டிலும் உட்கார்ந்திருக்கிற பெண்களைப் பற்றி. மடியில் ஒரு தட்டு. தட்டில் வெட்டிய இலை, புகையிலைத் தூள், நூல். ஒரு நாளுக்கு ஆயிரம் பீடி என்று கணக்கு வைத்துக்கொண்டால் விடிந்தது முதல் விளக்கு வைக்கும்வரை கழுத்து நிமிராது. விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மற்ற உடம்பு முழுவதும் சும்மா இருக்கும்.

என் பெரியம்மா முப்பது வருஷத்துக்கு மேல் அப்படி உட்கார்ந்தவர். ஐம்பத்திரண்டு வயதில் அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. "ஊசி மாதிரி இருக்கா, இவளுக்கு எப்படி சுகர் வரும்?" என்றார் பெரியப்பா. குண்டாக இருப்பவர்களுக்குத்தான் வரும் என்பது நம்மிடம் ஊறிப்போன எண்ணம். மெலிந்த கையும் காலும் உள்ள நம்மவர் பலருக்கு வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கும். அதனால்தான் இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் தாண்டக்கூடாது என்று நம் நாட்டு மருத்துவர்கள் சொல்கிறார்கள். தராசு காட்டாததைத் தையல்காரரின் டேப் காட்டிவிடும்.

மருத்துவர் இரண்டு கேள்வி கேட்டார். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் உட்காருவீர்கள்? எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள்? இரண்டாவது கேள்விக்குப் பெரியம்மா சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது. "தண்ணி குடிச்சா எந்திரிக்கணும்லா ஐயா. எந்திரிச்சா கட்டு குறையும்." காலையில் ஒரு காப்பி, மத்தியானம் சோற்றோடு ஒரு தம்ளர், சாயந்தரம் ஒரு டீ. அவ்வளவுதான். இது சோம்பலோ அறியாமையோ இல்லை. கூலியின் கணக்கு அவர் தாகத்துக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் கழிப்பறை இல்லாத வீடுகளில் இன்னொரு காரணமும் சேரும். பகலில் எங்கே போவது என்று தண்ணீரையே தவிர்த்துவிடுகிறார்கள். பின்னால் நீர்க்கடுப்பு, சிறுநீரகக் கல், மலச்சிக்கல் என்று வரும்போது அதையெல்லாம் 'சூடு' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம்.

பெரியம்மாவின் அம்மா, என் ஆச்சி, சிற்றாற்றுப் பாசன வயல்களில் நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் போனவர். விடியலில் பழையதும் சின்ன உள்ளியும். அந்த நீத்தண்ணியிலேயே தண்ணீரும் உப்பும் உடம்புக்குள் போய்விடும். மத்தியானம் வரப்பில் கஞ்சி. இரவு சுடுசோறு. கும்பாவில் குவித்துத்தான் சாப்பிடுவார். நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்த உடம்பு அதை எரித்துவிடும். அரிசிச் சோறு செரித்து ரத்தத்தில் சர்க்கரையாக வந்து சேரும்போது அதைப் பெரிதும் இழுத்துக்கொள்வது தசைகள். அதிலும் தொடையிலும் கெண்டைக்காலிலும் உள்ள பெரிய தசைகள். சுருங்கி விரிந்து வேலை செய்கிற தசை, இன்சுலின் குறைவாக இருந்தாலும் சர்க்கரையை உள்ளே வாங்கிக்கொள்ளும். அசையாத தசை வாசலை மூடிவிடும்.

ஆச்சியின் வயலை விட்டு மகள் பீடித் தட்டுக்கு வந்தாள். வேலை மாறிவிட்டது. சோற்றுத் தட்டு மாறவில்லை. அதே குவியல், அதே மூன்று வேளை, மேலே ஒரு குழம்பு, ஓரத்தில் ஊறுகாய். நம் வீடுகளில் நடந்த பெரிய மாற்றம் இதுதான் என்று நான் நம்புகிறேன். யாரும் அதை ஒரு மாற்றமாகவே கவனிக்கவில்லை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. அதே ஆய்வின் உணவு பற்றிய பகுதி, நாம் உண்ணும் மொத்த ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது. தென்காசி பக்கத்து மத்தளம்பாறையில் மென்பொருள் அலுவலகத்தில் கணினி முன்னால் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதும் எனக்கு இதே நினைவுதான். சம்பளம் வேறு, நாற்காலி வேறு. உட்கார்ந்திருக்கும் நேரம் ஒன்றுதான்.

தென்காசியிலிருந்து கடையம் போகும் வழியில் மேற்கே தெரிவது தோரணமலை. யானை படுத்திருப்பதுபோல இருக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஏறினால் முருகன் கோயில். அகத்தியரும் தேரையரும் அங்கே மருத்துவம் செய்தார்கள் என்பது இந்தப் பக்கத்து மரபு. தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதிப் பாடல்களில் இரண்டு விதிகளை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஒரு நாளில் இரண்டு பொழுதுக்கு மேல் உண்ணக்கூடாது என்பது ஒன்று. உண்ட பிறகு சிறிது நடக்க வேண்டும் என்பது மற்றொன்று. சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ரத்தச் சர்க்கரை ஏறும் உயரம் குறைகிறது என்று இன்றைய ஆய்வுக்கூடங்கள் அளந்து சொல்கின்றன. அளக்கும் கருவி இல்லாத காலத்தில் உடம்பைக் கூர்ந்து பார்த்தே அதைக் கண்டிருக்கிறார்கள். வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஆறைச் சாப்பாட்டின் அளவுக்கே கொடுத்திருக்கிறார். முன்பு உண்டது செரித்ததா என்று பார்த்து உண்ணச் சொல்வதுதான் அதன் சாரம்.

பழையது என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கிக்கொள்ளச் சொல்லவில்லை. அதே விதிகளில் நான்கு மாதத்துக்கு ஒரு முறை பேதி மருந்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாந்தி மருந்து என்றும் உண்டு. தக்க மருத்துவர் துணையில்லாமல் அதை வீட்டில் செய்து பார்ப்பது ஆபத்து. இரண்டு வேளை உணவும் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு அப்படியே பொருந்தாது. மருந்தின் நேரத்தோடு சேர்த்து மருத்துவர்தான் அதை முடிவுசெய்ய வேண்டும்.

சோற்றுத் தட்டை மாற்றுவது என்றவுடன் ஓட்ஸும் வெளிநாட்டுப் பழமும் வாங்கச் சொல்வார்களோ என்று நம் வீட்டுப் பெண்கள் பயப்படுகிறார்கள். தேவையே இல்லை. தோல் நீக்காத கறுப்பு உளுந்தும் தேங்காயும் பூண்டும் போட்டு வடிக்கிற உளுந்தஞ்சோறு, தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். முருங்கைக்கீரையும் காய்களும் பருப்பும் சேர்ந்து குழைகிற கூட்டாஞ்சோறு. இவை நம் ஊர் அடுப்படியில் பிறந்தவை. வெறும் சோற்றில் இல்லாத புரதமும் நார்ச்சத்தும் இவற்றில் உண்டு. இவற்றை விசேஷத்துக்கும் வயதுக்கு வந்த பெண்ணுக்கும் என்று ஒதுக்கிவைத்தது நாம் செய்த பிழை. இவற்றிலும் சோற்றைக் குறைத்துப் பருப்பையும் காயையும் கூட்ட வேண்டும். தட்டில் பாதி காய்கறியாக இருக்க வேண்டும். பழமும் காயுமாக நாளுக்கு 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து வெண்டையும் கத்தரியும் தக்காளியும் லாரி லாரியாகக் கேரளத்துக்கு ஏறுகின்றன. அந்தச் சாலையோரத்து வீடுகளிலேயே மத்தியானத் தட்டில் ஒரு கரண்டிக் காய்தான் இருக்கிறது. இதைப் பார்க்கிறபோது எனக்கு மனசு பொறுப்பதில்லை.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் அந்த ஒரு கரண்டிக்குள்தான். பீடி சுற்றுகிற வீடுகளுக்கு இன்னொன்று: தூள் பட்ட கையோடு டீ தம்ளரையோ முறுக்கையோ தொடக்கூடாது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் எதையும் வாயில் வைக்க வேண்டும். குழந்தையைத் தூக்குவதற்கும் அப்படியே.

தண்ணீருக்கு வருகிறேன். எத்தனை லிட்டர் என்று ஒரே எண்ணை எல்லாருக்கும் சொல்ல முடியாது. சித்திரை வெயிலில் வெளிவேலைக்குப் போகிறவருக்கும் சாரலில் வீட்டுக்குள் இருக்கிறவருக்கும் தேவை வேறு. சிறுநீர் வெளிர்மஞ்சளாகப் போனால் போதுமான அளவு குடிக்கிறோம் என்று கொள்ளலாம். அடர்ந்த மஞ்சளானால் உடம்பு கேட்டும் நாம் கொடுக்கவில்லை. சாரல் காலத்தில் தாகம் தெரியாது, அதனாலேயே அப்போது கூடுதல் கவனம் வேண்டும். வயதானவர்களுக்குத் தாகம் எடுக்கும் உணர்வே மங்கிவிடும். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காமல் நாமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். டீயும் கலர் சோடாவும் தண்ணீருக்குப் பதில் ஆகா. நீர் மோர் ஆகும். புளியங்குடி எலுமிச்சையைப் பிழிந்து சர்க்கரை போடாமல் குடித்தால் அதுவும் ஆகும். சிறுநீரகமோ இதயமோ பழுதுபட்டவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக்கூடாது.

நடைக்காக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர்ப் பாதை அமைத்தது. நல்ல காரியம். ஆனால் பீடித் தட்டை வைத்துவிட்டு ஒரு பெண் நகரத்து நடைபாதைக்குப் போக முடியாது. சொந்தத் தெருவில் நடப்பதற்கே அவளுக்குத் தயக்கம். "வேலையத்துப் போய் நடக்கா" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று. வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் குறைந்தபட்ச அளவு. ஐந்து நாளுக்கு முப்பது முப்பது நிமிடம். அதை மூன்று பத்து நிமிடங்களாகப் பிரித்துக்கொண்டாலும் பலன் உண்டு. நான்கு பெண்கள் சேர்ந்து கிளம்பினால் தெருவின் வாய் அடங்கிவிடும். துணைக்குப் பேச்சும் ஆயிற்று. நாற்பதைத் தாண்டியவர்கள் தசை கரையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருவது அதற்கு ஒரு தொடக்கம்.

2021 ஆகஸ்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. தன்னார்வலர் வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து எழுதிவிட்டுப் போகிறார். பல உயிர்களை அது காத்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. வாசல்வரை வந்த மருந்து உள்ளே வந்து நம் கையைப் பிடித்து எழுப்பிவிடாது.

போன ஆடியில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போதும் மாத்திரை எடுக்கிறார், இப்போதும் பீடி சுற்றுகிறார். வேறு வருமானம் இல்லை. பக்கத்தில் ஒரு பித்தளைச் செம்பு இருந்தது. எட்டிப் பார்த்தேன், பாதிதான் தண்ணீர் இருந்தது.

"நிறைச்சு வச்சுக்கிட்டா என்ன பெரியம்மா?"

"நிறைச்சு வச்சா சாயந்தரம் வரைக்கும் இங்கனயே இருந்துருவேன்லா. பாதி வச்சா தீந்துரும். தீந்தா அடுக்களைக்குப் போயி மோந்துட்டு வரணும்."

மணிக்கு ஒரு தரமாவது போய்வருகிறாராம். போகிற வழியில் கொல்லைப்புறக் கதவைத் திறந்து முருங்கை மரம்வரை ஒரு நடை. கட்டு கொஞ்சம் குறையத்தான் செய்கிறது என்றார். சொல்லும்போதே தட்டை மடியிலிருந்து இறக்கிவைத்து, முழங்காலில் ஒரு கை ஊன்றி எழுந்தார். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.