பகைவர் ஊரின் பிள்ளைகள்

நமக்குத் தீங்கு செய்தவர் வீழ்ந்தால் மகிழலாமா? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் என் மனம் நினிவேக்குப் போய்விடும். வடக்கு ஈராக்கில், மொசூல் நகரை ஒட்டி, டைகிரிஸ் ஆற்றின் கிழக்குக் கரையில் மண்மேடுகளாகக் கிடக்கும் அசீரியத் தலைநகர் அது. சுமார் 12 கிலோமீட்டர் சுற்றளவுள்ள மதிலுக்குள் அரண்மனைகளும் களிமண் பலகைகள் நிறைந்த நூலகமுமாகச் செழித்திருந்த ஊர்.

அந்தச் செழிப்புக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை அரண்மனைச் சுவரே சொல்கிறது. கி.மு. 701இல் யூதா நாட்டின் லாகீஸ் நகரைப் பிடித்ததை மன்னன் சனகெரிப் பெருமையோடு கல்லில் செதுக்கவைத்தான். உயிரோடு தோலுரிக்கப்படும் கைதிகள்; மாட்டுவண்டியில் மூட்டைமுடிச்சுகளோடு ஊரைவிட்டுப் போகும் குடும்பங்கள். இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தச் சிற்பங்களைப் படங்களில் பார்த்தபின், விவிலியத்தில் நினிவேயின் அழிவைக் கொண்டாடும் நாகூம் தீர்க்கதரிசியின் சினம் எனக்குப் புரிந்தது. அடிபட்டவர் குரல் அப்படித்தான் இருக்கும்.

கி.மு. 612இல் பாபிலோனியரும் மேதியரும் நகரை வீழ்த்தினார்கள். 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹல்சி வாயிலில் அகழாய்வு செய்தவர்கள், அங்கேயே மடிந்தவர்களின் எலும்புக்கூடுகளை அம்புமுனைகளோடு கண்டெடுத்தார்கள். இறந்தவர்களில் பிள்ளைகளும் உண்டு. லாகீஸ் எரிந்தபோது அந்தப் பிள்ளைகள் பிறந்திருக்கவே இல்லை.

அதே விவிலியத்தில் யோனா தீர்க்கதரிசியின் கதையும் இருக்கிறது. அதில் நினிவே கடவுளின் தண்டனைக்குத் தப்பியதால் யோனா கோபப்படுகிறார். வலக்கை இடக்கை அறியாத 1,20,000 பேரும் ஏராளமான மிருகங்களும் வாழும் ஊருக்கு இரங்கக் கூடாதா என்று கடவுள் கேட்கிறார். யோனாவின் பதில் இல்லாமலே நூல் முடிகிறது. நினிவே அழிந்து நெடுங்காலத்துக்குப் பிறகே இது எழுதப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. பகை ஒழிந்த பிறகும் பகைவருக்காக இரங்கச் சொன்ன ஒருவர் அடிபட்ட அந்தச் சமூகத்தில் இருந்திருக்கிறார். பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூரின் பிற்பகலில் யூதர்கள் வாசிப்பதும் இந்த நூலைத்தான்.

சினத்தை விழுங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. தீங்கைத் தீங்கென்று சொல்லத்தான் வேண்டும். செய்தவர் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால், தண்டனை யார் வீட்டுக்குள் நுழைகிறது என்று பார்க்காமல் வரும் மகிழ்ச்சியை நான் நம்புவதில்லை. நீதி கேட்க நமக்கு உரிமை உண்டு. பகைவர் பிள்ளையின் சாவில் ஆறுதல் தேட இல்லை.